ஒரு மாதத்துக்கு ஓர் அறை

மே 11, 2025, ஞாயிறு

திருக்குறள் எக்ஸ்பிரஸ் நிஜாமுதீன் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. இந்தியா-பாகிஸ்தான் சண்டை நின்ற செய்தி முந்தின நாள் பயணத்தின் நடுவே வந்ததால் பெட்டி முழுக்க அதே பேச்சு. திருநெல்வேலியில் ஏறிய இறுதியாண்டுச் சட்ட மாணவிக்கு நிலையத்தில் வேறொரு செய்தி காத்திருந்தது. முன்பணம் வாங்கியிருந்த விடுதிக்காரர் போனில் சொன்னார்: ஆறு மாதம் தங்குகிற பெண் ஒருத்தி கிடைத்துவிட்டாள், அறையை அவளுக்குக் கொடுத்தாயிற்று, பணம் இரண்டொரு நாளில் வந்துவிடும்.

முனீர்க்காவில் ஜேஎன்யூ மாணவியான ஊர்க்காரப் பெண்ணின் அறையில், தரையில் பாய் விரித்துப் படுத்தாள். உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மாதப் பயிற்சி மறுநாள் தொடங்குகிறது. நாட்குறிப்பு எழுதும் வழக்கம் அவளுக்கு இருந்ததில்லை. வழக்குக் குறிப்புக்காக வாங்கிய நோட்டின் கடைசிப் பக்கத்தில் முதல் வரி விழுந்தது: “பணம் திரும்பி வரலைன்னா வீட்ல எப்படிச் சொல்ல?”

மே 13

சீனியரின் அலுவலகம் ஜங்புரா எக்ஸ்டென்ஷனில். டெல்லி வழக்கறிஞர்களில் பலர் அந்தப் பக்கத்து வீடுகளின் தரைத்தளங்களில்தான் அலுவலகம் வைத்திருக்கிறார்கள். ஆகவே ஜங்புரா, போகல், லாஜ்பத் நகர் என்று தெருத் தெருவாகத் தேடினாள். எல்லா இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்: எத்தனை மாசம்?

ஒரு மாதம் என்றதும் கதவு பாதி மூடிவிடும். திறந்தே இருந்த இடங்களில் கணக்கு வேறு: ஒரு மாத வாடகை, ஒரு மாத முன்பணம், தரகருக்கு இன்னொரு மாத வாடகை. முப்பது நாள் தங்க மூன்று மாதப் பணம். கல்லூரிப் பிள்ளைகள் பயிற்சிக்கென்று தலைநகருக்குக் கிளம்பும்போது இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. ஊதியமில்லாத பயிற்சியை ஏற்கக்கூடியவர் யார் என்பதை வாடகையே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது.

மே 14

நீதிபதி பி.ஆர்.கவாய் இந்தியத் தலைமை நீதிபதியாகப் பதவியேற்றார். போகலில் இரண்டாம் மாடியில், மூவர் தங்கும் அறையில் ஒரு கட்டில் கிடைத்தது.

மே 17, சனி

விடுதிக்காரர் நீட்டிய தாளில் ‘11 மாதம்’ என்று அச்சடித்திருந்தது. ஒரு மாதம்தானே என்று கேட்டதற்கு, எல்லாருக்கும் இதே தாள்தான், கையெழுத்துப் போடு மகளே என்றார்.

அந்தப் பதினொன்று எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்குப் பாடமாகத் தெரியும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். ஒரு மாதம் குறைத்துக்கொண்டால் அந்தச் செலவும் அலைச்சலும் மிச்சம். தாளின் தலைப்பில் ‘உரிமம்’ என்று இருந்தது. குத்தகையா, உரிமமா என்ற கேள்விக்கு இன்றும் எடுத்துக்காட்டும் 1959-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, ஆர்.என்.கபூர் வழக்கு, இதே டெல்லியில் பிறந்தது. ஜன்பத் சாலை இம்பீரியல் ஓட்டலுக்குள் முடிதிருத்தகம் நடத்தியவரின் வழக்கு அது. தாளில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். தேர்வுக்காக மனப்பாடம் செய்த வழக்கு. நேற்று மெட்ரோவில் அந்தச் சாலைக்கு அடியில்தான் போனாள்.

டெல்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் உதவாது, மாதம் ரூ.3,500-க்கு மேற்பட்ட வாடகை அதற்குள் வராது. 2024 ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சில் தனியார் விடுதிகளுக்குப் பரிந்துரைத்த வரிவிலக்குக்கும் தொடர்ந்து 90 நாள் தங்கியிருக்க வேண்டும். ஒரு மாதக்காரரை நினைத்து எழுதிய வரி எதிலுமே கண்ணில் படவில்லை. கையெழுத்துப் போட்டாள், ‘ஒரு மாதம் மட்டும்’ என்று ஓரத்தில் எழுதி, அவரையும் சுருக்கொப்பம் இட வைத்தாள்.

மே 20, செவ்வாய்

அலுவலகத்தில் அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில் தீர்ப்பு: சிவில் நீதிபதித் தேர்வு எழுத இனி மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம்.

1993-இல் வந்த இந்த விதியை, ஷெட்டி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று 2002-இல் நீக்கினார்கள். படித்து முடித்ததும் தேர்வெழுதலாம் என்ற நம்பிக்கையில் இருபது ஆண்டுக்கு மேலாகப் பிள்ளைகள் தயாராகி வந்தார்கள். இப்போது பழைய விதியே திரும்பிவிட்டது. தற்காலிகப் பதிவு நாளிலிருந்து மூன்றாண்டைக் கணக்கிடலாம்; நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராக இருந்த காலமும் சேரும்; ஏற்கெனவே அறிவிக்கை வந்த தேர்வுகளுக்குப் பொருந்தாது. நீதிமன்றமே பார்க்காதவர் நீதிபதியாக உட்காருவதால் வரும் சிரமங்களை உயர் நீதிமன்றங்கள் எடுத்துச் சொல்லியிருந்தன. அந்தக் காரணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று ஆண்டும் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற கேள்வி கிராமத்திலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரியிடம்தான் வந்து நிற்கிறது. புதிய வழக்கறிஞர்களுக்கு நகரங்களில் மாதம் ரூ.20,000, மற்ற இடங்களில் ரூ.15,000 கொடுக்கலாம் என்று 2024 அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் சொன்னது. அது பரிந்துரைதான், கட்டாயம் கிடையாது.

அவள் திட்டம் சுருக்கமானது: ஓராண்டு எல்எல்.எம்., கூடவே நீதிபதித் தேர்வுக்குப் படிப்பு. மத்தியானத்துக்குள் அது கலைந்தது.

“எல்எல்.எம். படிக்கிற வருஷத்தை பிராக்டிஸ்னு யாரும்மா சர்டிபிகேட் குடுப்பா?” என்றார் சீனியர். “பத்து வருஷ அனுபவம் உள்ள வக்கீல் கையெழுத்துப் போடணும். நான் போடமாட்டேன்.”

இரவு அம்மாவுக்குப் போன் செய்தாள். தீர்ப்பைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. “ஏட்டி, சாப்பிட்டியா?” என்றதற்கு ஆமாம் என்றாள்.

மே 21

சாயங்காலம் புழுதிக்காற்று, பின்னால் ஆலங்கட்டி மழை. எவருக்கும் தூக்கமில்லை.

மே 25

எதுவும் வேண்டாம், ஊருக்குப் போய்விடலாம் என்று காலையில் தோன்றியது. மதியம் பகவான் தாஸ் சாலையில் இந்தியச் சட்ட நிறுவனத்தின் வாசல்வரை போய் நின்றுவிட்டு வந்தாள். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டாள்.

சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு எல்எல்.எம். கட்டணம் குறைவு, அரசியலமைப்பு, மனித உரிமை, தொழிலாளர் சட்டம், வணிகச் சட்டம் என்று தனித்தனிப் பிரிவுகள். திருச்சி நவலூர் குட்டப்பட்டில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு, பெங்களூரிலும் ஓராண்டு, செலவு லட்சங்களில் போகும். பல்கலைக்கழக மானியக் குழு ஓராண்டுப் படிப்பைக் கொண்டுவந்தது 2012-இல். அதை ஒழித்து இரண்டாண்டையே வைப்போம் என்று 2021-இல் பார் கவுன்சில் விதி வெளியிட, விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. கல்லூரியில் பாடம் நடத்த வேண்டுமென்றால் எல்எல்.எம்., அதன்மேல் நெட் தேர்வு. ஜேஆர்எஃப் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் ரூ.37,000 வரும், அது வீட்டில் யாரும் இதுவரை வாங்காத சம்பளம்.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் முதுநிலைத் தேர்வைச் சென்ற டிசம்பர் 1-இல் எழுதியிருந்தாள். விடைக்குறிப்பு பற்றிய வழக்கு இன்னும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இருக்கிறது. தேர்வெழுதி ஆறு மாதமாகப் போகிறது. எந்த ஊரில் படிக்கப் போகிறோம் என்று தெரியாத பிள்ளைகள் அவளைப் போல நாடெங்கும் காத்திருக்கிறார்கள்.

மே 29, வியாழன்

விடுதியில் சமைக்கும் அக்கா இரண்டு நாள் வரவில்லை. இன்று வந்து, முந்தானையில் சுற்றிய பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார். “கண்ணு, நீ வக்கீலுக்குத்தான படிக்கிற? இதுல என்னா எழுதியிருக்குன்னு பாரு.”

அக்காவின் வீடு மதராசி கேம்ப்பில். ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம், பல பத்தாண்டுகளாகத் தமிழர்கள் குடியிருக்கும் குடிசைப் பகுதி. சுற்றுவட்டார வீடுகளின் பாத்திரமும் துணியும் சமையலும் பெரும்பாலும் இவர்கள் கையில். மழைக்காலத்தில் வாய்க்கால் அடைத்து வெள்ளம் வருகிறது என்று, ஜூன் 1 முதல் இடித்து அகற்ற டெல்லி உயர் நீதிமன்றம் மே 9 அன்று உத்தரவிட்டது. மொத்தம் 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை 215. அந்த வீடும் நரேலாவில், நகரத்தின் வடகோடியில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி.

அக்காவுக்குக் கிடைத்திருக்கிறது. மகனுக்கு இல்லை. கல்யாணமாகி அதே சந்தில் தனியாக இருக்கிறான். 2015 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருந்ததற்குத் தாள் வேண்டும். உறையில் இருந்தவை: ரேஷன் அட்டை, கரையான் அரித்த ஒரு மின்ரசீது, லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ். பள்ளிச் சான்றிதழின் மடிப்புகளில் செல்லோடேப் ஒட்டி, அது மஞ்சளாகி, எழுத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்திருந்தது. பிறந்த ஊர் என்ற இடத்தில் ‘புது தில்லி’.

“கள்ளக்குறிச்சிக்குப் போயிடுங்கன்றாங்க. இவன் அந்த ஊர ரெண்டு தடவதான் பாத்திருக்கான். நரேலாலேர்ந்து காலைல ஆறு மணிக்கு எப்டி கண்ணு இங்க வர்றது?” கொஞ்ச நேரம் கழித்து, “நீ வக்கீல் ஆயிட்டு, அதுக்கு மேல என்னா படிக்கப் போற?”

வணிகச் சட்டம் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

ராத்திரி முழுக்க ஓல்கா டெல்லிஸ் வழக்கை மீண்டும் படித்தாள். நடைபாதைவாசிகளின் வாழ்வாதாரம் பற்றிய 1985-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அதைக் கல்லூரியில் பத்து மதிப்பெண் கேள்வியாகப் படித்திருக்கிறாள். டெல்லி உயர் நீதிமன்றத்தின் சுதாமா சிங் தீர்ப்பையும் (2010) அஜய் மாக்கன் தீர்ப்பையும் (2019) முதல்முறையாகப் படித்தாள். அகற்றுவதற்கு முன் கணக்கெடுப்பு, மறுவாழ்வு, அந்த மக்களோடு பேச்சு என்று இரண்டும் வற்புறுத்துகின்றன.

ஜூன் 1, ஞாயிறு

இடித்தார்கள்.

ஜூன் 3

அக்கா வரவில்லை. வேறு ஆள் சமைக்கிறார். யாரும் எதுவும் கேட்கவில்லை. விடுதிச் சமையலறையில் நின்று அவள் சத்தம் போட்டாள். எதற்கென்று அறைத் தோழிகளுக்குப் புரியவில்லை.

ஜூன் 6

கிளாட் முதுநிலைத் தேர்வு வழக்கில் தீர்ப்பு வந்தது. விடைக்குறிப்பில் பிழை இருந்ததை டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்றது. ஓர் ஆட்சேபத்துக்கு ரூ.1,000 கட்டணம் என்பது அதிகம் என்றும் சொன்னது. இனி கலந்தாய்வு. தோழிகள் வாட்ஸ்அப்பில் கொண்டாடினார்கள். அவளும் ஒரு பூ அனுப்பினாள்.

சீனியர் மாலையில் கூப்பிட்டார். “என்ரோல் ஆகிட்டு இங்கயே வா. மூணு வருஷம். சம்பளம் பேசிக்கலாம்.” பார் கவுன்சில் பதிவுக் கட்டணமாக ரூ.750-க்கு மேல் வாங்கக் கூடாது, தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினரிடம் ரூ.125-க்கு மேல் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் அந்த ஒரு கவலை குறைவு. எவ்வளவு சம்பளம் என்று கேட்க நா எழவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சென்னைச் சட்டப் பல்கலைக்கழகத்தின் எல்எல்.எம். பிரிவுகளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். வணிகச் சட்டத்துக்கு மேல் கோடு. மனித உரிமைக்கும் அரசியலமைப்புக்கும் பக்கத்தில் கேள்விக்குறி. தாளின் கீழே ‘மூணு வருஷம், டெல்லி’ என்று தனியாக ஒரு வரி.

அம்மா போனில்: “மூணு வருசமா? எங்கனட்டி தங்குவ?”

ஜூன் 10

அக்கா நரேலாவிலிருந்து போன் செய்தார். மகனும் மருமகளும் இப்போதைக்கு ஓக்லாவில் உறவுக்காரர் வீட்டில். நிராகரிப்பை எதிர்த்து மேல்முறையீட்டு அதிகார அமைப்பிடம் மனுப் போட வழியிருக்கிறது என்று சீனியர் சொன்னார். வரைவை அவளையே எழுதச் சொன்னார். பழைய வாக்காளர் பட்டியலின் நகல் கிடைத்தால் மனு நிற்கும். மகனின் பெயர் எந்த ஆண்டுப் பட்டியலில் முதலில் ஏறியது என்று அக்காவுக்கு நினைவில்லை. தேர்தல் அலுவலகத்துக்கு நாளை அல்லது மறுநாள் போக வேண்டும்.

அறைக் காலம் முடிகிறது. இன்னும் பத்து நாள் தங்கலாமா என்று விடுதிக்காரரிடம் கேட்டிருக்கிறாள். பத்து நாளானாலும் முழு மாத வாடகை வேண்டும் என்கிறார் அவர். முதல் விடுதிக்காரரின் முன்பணம் இன்னும் வரவில்லை.