வாங்காட்டியும் ஒருக்கா பாருங்கோ

இந்த மாசம் பழைய காசு, முத்திரை யாவாரம் சரியான மந்தம்.
போடுற படங்களுக்கு லைக் விழுது, ஓடர் விழேல்லை.

படத்திலை உள்ள சதுர அஞ்சு சதத்தைப் பெரிசாக்கிப் பாருங்கோ.
நாலு மூலையும் மழுங்கி இருக்கு. தமிழிலையும் எழுத்து இருக்கு.
பக்கத்திலை, ஓரம் பூவிதழ் மாதிரி வளைஞ்ச பத்துச் சதம்.
ரெண்டும் 1972க்கு முந்தினது, சிலோன் காலத்துக் காசு.

புளி போட்டு மினுக்கேல்லை.
மினுக்கினா, சேர்க்கிற ஆக்களிட்டை மதிப்புப் போயிடும்.
வயலுக்கை கிண்டி எடுத்த பழங்காசு எண்டு கொண்டுவந்தா நான் வாங்கிறேல்லை.
அது தொல்லியல் திணைக்களத்துக்குப் போகவேண்டிய சாமான்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சனத்துக்கு அரிசியும் பள்ளிக்கூடச் செலவும்தான் முதல்.
அது நியாயம்.
ஆனா அதுக்காக அடிமட்ட விலைக்குக் குடுக்க மனம் வரேல்லை.

2009 போரிலை முள்ளிவாய்க்கால் வரை ஓடின சனம் பிள்ளையளைத்தான் தூக்கினது, முத்திரை அல்பத்தை இல்லை.
வன்னியிலை இப்பிடிச் சாமான் மிஞ்சினதே கொஞ்சம்.
அதையும் வெளிநாட்டுக்குப் பொதி கட்டி அனுப்பேக்க நெஞ்சுக்கை ஏதோ செய்யும்.
இஞ்சை உள்ள ஒரு பிள்ளை கேட்டா, விலை குறைச்சே குடுப்பன்.

உங்கட வீட்டிலை ஏதும் தப்பி மிஞ்சியிருக்கோ?
அதைப் பிள்ளையளுக்குக் காட்டினீங்களோ?