ஏ டிரைவில் அப்பா!

'அந்த கல்யாணப் பத்திரிகையை ஒரு தடவை பார்க்கணும்டா' என்று அம்மா சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. வீட்டிலிருந்த ஒரே பிரதி 2015 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். டி.டி.பி. சென்டர் வைத்திருந்தவர், 2002-ல் தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே டைப் செய்தாராம். போன தீபாவளிக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு டப்பா கிடைத்தது. உள்ளே ஒரு பேஜ்மேக்கர் சிடி, ஒரு ஃப்ளாப்பி. லேபிளில் அப்பா கையெழுத்து: 'நம்ம பத்திரிகை'.

யு.எஸ்.பி. ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று வாங்கினேன். பழைய பேஜ்மேக்கரும் என் லேப்டாப்பும் ஒத்துவரவில்லை. சரி, விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் 98-ஐ ஏற்றிவிடலாம் என்று இறங்கினேன். ஒரு வாரம் சாப்பிட்டது பாஸ், அது!

பேஜ்மேக்கர் ஏறிவிட்டது. ஆனால் 'மை கம்ப்யூட்டரை'த் திறந்தால் ஏ டிரைவையே காணோம். 'ஃப்ளாப்பியா, எந்தக் காலத்துல இருக்கே?' என்று மெஷின் உருவாக்கும்போதே அந்த கன்ட்ரோலரை நீக்கிய புத்திசாலி, அடியேன்தான். ஸ்டோரேஜ் செட்டிங்ஸில் திரும்பச் சேர்த்தேன். ஏ டிரைவ் வந்தது. க்ளிக் செய்தால், 'டிவைஸ் ரெடியாக இல்லை'!

நிஜ டிரைவில் ஃப்ளாப்பியைச் செருகிவிட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருக்கும் ஏ டிரைவ் வெறும் பாவனை. வெளியே நான் என்ன செருகினாலும் அதற்குத் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. ஃப்ளாப்பியை அப்படியே இமேஜ் ஃபைலாக்கி அதற்கு ஊட்ட வேண்டும்.

முதலில் மூலையில் இருக்கும் குட்டி பிளாஸ்டிக்கை நகர்த்தி ஓட்டையைத் திறந்துவிட்டேன். ஓட்டை தெரிந்தால் யாரும் அதில் எழுத முடியாது. (நீங்களும் மறக்காதீங்க, இதுதான் முக்கியம்.) லினக்ஸில் டிடி கட்டளை கொடுத்தேன். கரகரவென்று சத்தம், பாதியில் எரர். வயிறு கலங்கிவிட்டது. 'வேணாம்டா, விடு' என்றார் அம்மா. திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும் டிடிரெஸ்க்யூவை ராத்திரி முழுக்க ஓட விட்டேன். காலையில் 1,474,560 பைட்டில் இரண்டு செக்டார், அதாவது 1,024 பைட் மட்டும் வரவில்லை.

இமேஜைக் கோர்த்து ஏ டிரைவைத் திறந்தால் ரெண்டே ஃபைல். ஒன்று பத்திரிகை, இன்னொன்று அதன் தமிழ் ஃபான்ட். வேறு கடையில் பிரின்ட் எடுத்தால் எழுத்து கொக்கி கொக்கியாக வருமே என்று ஃபான்ட்டையும் சேர்த்தே போட்டு வைத்திருக்கிறார் மனுஷன்! அதை ஏற்றிவிட்டுத் திறந்தேன். மஞ்சள் குத்துவிளக்கு பார்டர், நடுவில் அம்மா பெயர், பக்கத்தில் பி.எஸ்ஸி.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்.

"நான் பி.காம்.டா. இது மொதல் ப்ரூஃப். வீட்டுக்குக் கொண்டாந்து காட்டினாரு, நான்தான் சிவப்பு பேனாவுல அடிச்சுக் குடுத்தேன்."

மாற்றட்டுமா என்று கேட்டேன்.

"தொடாதே" என்றார்.