நிலத்தின் கீழே ஓர் ஊர்

அமைதி வேண்டுமென்று நாம் ஓயாது சொல்லிக்கொள்கின்றோம். ஒலிபெருக்கியும் பஸ்ஸின் இரைச்சலும் அயல்வீட்டுத் தொலைக்காட்சியும் எட்டாத ஓர் ஊர் நமக்குக் கிடைத்துவிட்டால், அங்கே எத்தனை நாள் தரித்திருப்போம்? சென்ற மார்கழி விடுமுறையில் அத்தகைய ஓர் ஊரிலே இரண்டு வாரம் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

தென் அவுஸ்திரேலிய மாநிலத்தில், அடிலெயிட் நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 850 கிலோமீற்றர் தொலைவில், பாலைவனத்தின் நடுவே கூபர் பீடி என்னும் சிற்றூர் உள்ளது. 2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்வோர் 2,000 பேருக்கும் குறைவு. என் தமக்கையாரின் மகன் அங்கே மருத்துவத் தாதியாகப் பணிபுரிகின்றான். “பிள்ளை வனாந்தரத்தில் தனித்துக் கிடக்கின்றான், நகரத்துக்கு மாறும்படி நீயாவது புத்தி சொல்லு” என்று தமக்கையார் என்னிடம் கூறியிருந்தார்.

1915 ஆம் ஆண்டில் அங்கே ஒப்பல் என்னும் மணிக்கல் கண்டெடுக்கப்பட்டது. கல் தேடி வந்தோர் வெயிலின் கொடுமைக்குத் தப்பக் குன்றுகளைக் குடைந்து குடியிருந்தனர். இன்றும் பலருக்கு அவ்வாறு குடைந்த வீடுகளே இல்லங்கள். கிறித்தவ ஆலயங்கள் சிலவும் நிலத்தின் கீழேயே உள்ளன. வெளியே வெப்பம் 40 பாகையைக் கடந்தாலும் உள்ளே 25 பாகையளவில் இதமாயிருக்கும். ஆனால் விளக்கை அணைத்தாலோ, இருளும் நிசப்தமும் ஒருங்கே வந்து சூழும். முதல் இரவு என் மூச்சின் ஓசையே என்னை உறங்கவிடவில்லை.

“எனக்கும் தொடக்கத்தில் பயமாகத்தான் இருந்தது, மாமா. இப்போது கதவைத் தட்டும் ஓசையைக் கொண்டே வந்தவர் யாரென்று சொல்லிவிடுவேன்” என்றான் மருமகன்.

அவ்வூரில் மழை மிக அரிது. நிலத்தடியிலிருந்து பெறும் உவர்நீரை உப்பகற்றிக் குழாய்வழி விநியோகிக்கின்றனர். ஆதலால், கோப்பை கழுவிய நீரையும் வீணாக்காது ஒரு செடிக்கு ஊற்றுகின்றார் அயலில் வாழும் முதியவர். மணிக்கல்லுக்காக வெட்டிய பழைய குழிகள் ஊரைச் சுற்றி எங்கும் வாய்பிளந்து கிடப்பதால், எங்கே செல்கின்றேன், எப்போது திரும்புவேன் என்று ஒருவரிடம் சொல்லாமல் மருமகன் வெளியே புறப்படுவதில்லை.

ஒருநாள் காலை அவன் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். “கிழவரின் வானொலி இன்னும் கேட்கவில்லை” என்றவன் விரைந்து சென்றான். முதியவர் கடுங் காய்ச்சலில் எழமுடியாது கிடந்தார். அன்று மாலைக்குள் அவர் மருத்துவமனையில் இருந்தார். அவருடைய செடிக்கு வேறொருவர் நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அதன் பின்னர், நகரத்துக்கு மாறு என்னும் சொல் என் நாவில் எழவில்லை. அங்கு வாழ்வு எளிதென்று நான் கூறமாட்டேன். கறிவேப்பிலை கண்ணிற் படாது. பேசிச் சிரிக்க உறவினரும் இல்லை. ஊர்த் திருவிழாவை எண்ணும்போது மருமகனின் முகம் வாடுவதையும் கண்டேன். எனினும் ஒன்றை உணர்ந்தேன்: சந்தடி மிகுந்த இடத்தில் ஒரு குரல் நின்றுபோனால் அது பிறர் செவிக்கு எட்டுவதில்லை, அமைதியான ஊரிலோ அக்குரலின் குறை உடனே தெரிகின்றது. பலர் நடுவே வாழ்வது மட்டும் துணையாகிவிடாது. இன்று நம்மைக் காணவில்லையே என்று எண்ணி எழுந்துவரும் ஒருவர் இருக்கும் இடமே ஊர்.