உளவியலாளரிடம் போவதென்றால்

மனம் சரியில்லை என்றதும் எம்மவருக்கு முதலில் ஞாபகம் வருவது அங்கொடைதான். "உவனை அங்கொடைக்கு அனுப்ப வேணும்" என்று பகிடியாகவும் ஏச்சாகவும் ஊரில் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். டென்மார்க்கில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்யும் நான், குடும்ப வைத்தியர் உளவியலாளரின் பேச்சை எடுத்தவுடனே எம்மவர் முகம் மாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். "என்னை விசர் எண்டு நினைக்கிறாரோ?" என்று மெதுவாகத் தமிழில் கேட்பார்கள்.

மனநோய் வைத்தியர் வேறு, உளவியலாளர் வேறு. உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. இந்நாட்டு மருத்துவமனைகளில் முன்னர் அவர்களுடைய பிரதான வேலை, நோயாளிக்குப் பரீட்சைகள் வைத்து வைத்தியருக்கு அறிக்கை கொடுப்பதாகவே இருந்தது. சிகிச்சை வைத்தியர் கையில். அது படிப்படியாக மாறியது. 1982இல் இங்க கெனெஃப்க என்ற பெண் வைத்தியர் கொப்பன்ஹேகனில் தொடங்கிய சித்திரவதைக்குள்ளானோருக்கான நிலையத்தில் வைத்தியரும் உளவியலாளரும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் ஒன்றாக வேலை செய்தார்கள். 1992 முதல் குடும்ப வைத்தியரின் கடிதத்தோடு போனால் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கும் முறை வந்தது. 1994 ஜனவரியில் உளவியலாளருக்கென்றே தனிச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. விபத்து, கொள்ளை, உறவினர் மரணம் போன்றவற்றுக்கு மட்டும் கிடைத்த உதவி பின்னர் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் விரிந்தது. இன்று சிகிச்சை செய்பவரே அவர்தான்.

ஆனால் எம்மவர் மனதைப் பற்றிப் பேசுவது உடம்பைக் கொண்டு. தலையிடி, நெஞ்சுக்குள் எரிவு, நித்திரை இல்லை, "ஒரே யோசனையாக் கிடக்கு". இந்த 'யோசனை'யை டெனிஷில் 'சிந்தனை' என்று நான் மாற்றினால், சிந்திப்பது நல்லதுதானே என்பது போல உளவியலாளர் பார்ப்பார்! கவலை, பயம், ஊரில் விட்டுவந்த தாயின் நினைவு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. கெட்டிக்காரரான உளவியலாளர் "எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்பதை விட்டு, "இரவு எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது? அப்போது யாரை நினைப்பீர்கள்?" என்று கேட்பார். அதற்குப் பிறகுதான் கதை வரும். சிலவேளை அழுகையும் வரும்.

பிள்ளைக்கு டெனிஷ் நன்றாகத் தெரியும் என்பதற்காக அவர்களை அந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தகப்பன் முகாமில் பட்ட அடியைப் பன்னிரண்டு வயது மகள் மொழிபெயர்க்க வேண்டுமா? செலவு பற்றிய பயம் நியாயமானது. 2018 ஜூலையில், மூன்று வருடத்துக்கு மேல் இங்கு வாழ்பவரிடம் மொழிபெயர்ப்புக் கட்டணம் அறவிடும் சட்டம் கொண்டுவந்தார்கள். என் அபிப்பிராயத்தில் அது கெட்ட சட்டம். உங்களுக்கு என்ன பொருந்துமென்று வைத்தியரிடம் முதலே கேளுங்கள்.

உளவியலாளரும் நாங்களும் கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் ஹேர்னிங் போன்ற இடத்தில் தமிழர் எல்லோரும் ஒருவரையொருவர் அறிவோம். உங்களுக்குத் தெரிந்த முகம் வேண்டாமென்றால், வேறு நகரத்து ஆளைத் தொலைபேசியில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். எங்களுக்கு அதில் ஒரு மனக்குறையும் இல்லை.