சிறு கணினியும் வீண் கௌரவமும்

மனிதன் வாங்கும் கருவிகளுள் தன் வேலைக்காக வாங்குபவை சில. பிறர் கண்ணுக்காக வாங்குபவை பல. கல்யாணத்தில் பந்தல் பெரிதாக இருக்கவேண்டும், வீட்டில் நாற்காலி பெரிதாக இருக்கவேண்டும் என்று கடன்பட்டு அழிந்த குடும்பங்களை நாம் அறிவோம். இந்த நோயைக் கண்டித்துச் சங்கக் கூட்டங்களில் பேசியவர்களுள் நானும் ஒருவன். ஆயினும், அண்மையில் என் தமக்கையாருக்கு ஒரு கணினி வாங்கப் புகுந்தபோதுதான், அந்நோய் என்னிடத்திலும் குடியிருந்தது எனக்குத் தெரியவந்தது. அதனை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நேயர்கள் சிலருக்கேனும் பயன்படும் என்ற நம்பிக்கையால் இதனை எழுதலானேன்.

நாங்கள் பிறந்தது ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில். நான் வேலை தேடி ஜூரோங்கிற்கு வந்து, பின்னர்க் கிளமெண்டியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியமர்ந்தேன். தமக்கையாரோ தோட்டத்திலேயே தங்கி, பதினான்காம் வயதில் உளி பிடித்து மரம் சீவத் தொடங்கியவர். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்த தமிழே அவர் பெற்ற கல்வி. இப்போது அவருக்கு வயது எழுபத்துமூன்று. ஜொகூர் பாருவில் மகள் வீட்டில் இருக்கிறார். மாதம் ஒருமுறை பாலம் கடந்து என் வீட்டுக்கு வந்து நாலைந்து நாள் தங்குவார்.

எங்கள் தந்தையார் 1943ஆம் ஆண்டில் ஜப்பானியரால் சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டையும் மலையையும் குடைந்து போடப்பட்ட அந்த ரயில் பாதை, 1942இல் தொடங்கப்பட்டு 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அதற்காக ஏற்றிச் செல்லப்பட்டனர். அங்கே கைதிகளாயிருந்த வெள்ளைக்காரப் போர்வீரர்களின் குறிப்புகள் பிற்காலத்தில் பல நூல்களாயின. நம்மவர் எழுதி வைத்தவையோ மிகச் சில. எங்கள் தந்தையார் உயிரோடு திரும்பினார். எங்கள் லயத்திலிருந்து அவரோடு சென்ற பதினொருவர் திரும்பவில்லை. அந்தப் பதினொருவர் பெயரையும், ஒவ்வொருவரும் எந்த முகாமில், என்ன நோயில் மாண்டார் என்பதையும் தந்தையார் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் தமக்கையார். அவற்றை எழுதி வைக்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். கையெழுத்து நடுங்குவதால், தட்டெழுத்தில் எழுத விரும்பினார்.

சில ஆண்டுகளுக்கு முன் இதற்கென ஒரு சிறு மடிக்கணினியை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். விலை குறைவு என்பதைத் தவிர வேறொன்றையும் நான் விசாரிக்கவில்லை. அதில் நினைவகம் 2 ஜிகாபைட், சேமிப்பகம் 32 ஜிகாபைட். இயங்கு முறைமையே அந்தச் சேமிப்பகத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. மாதந்தோறும் வரும் திருத்தங்கள் மீதியையும் நிரப்பின. ஒன்பதாம் மாதத்தில் ஒரு திருத்தம் பாதியில் நிற்க, கணினி மறுபடி எழவில்லை. பழுது பார்த்தவர், "சேமிப்பகம் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது, கழற்றி வேறொன்றில் மாட்டிப் படிக்க முடியாது" என்று கூறி, உள்ளிருந்த அனைத்தையும் அழித்துப் புதிதாக நிறுவித் தந்தார். தமக்கையார் எழுதியிருந்த முப்பத்தொரு பக்கமும் அதோடு போயின.

அவர் கடையையும் குறை கூறவில்லை. என்னையும் குறை கூறவில்லை. "எனக்குத்தான் அதை ஆளத் தெரியவில்லை, தம்பி" என்றார். அறிவில்லாதவர் என்று வாழ்நாளெல்லாம் பிறர் சொல்லக் கேட்டுப் பழகியவர்கள், பொருள் கெட்டாலும் பழியைத் தம்மேலேயே போட்டுக்கொள்கிறார்கள். குற்றம் அவருடையதன்று, விசாரியாமல் வாங்கிய என்னுடையது. மீண்டும் எழுத அவர் உட்கார்ந்தபோது, பதினொருவரில் பத்துப் பெயர்களே நினைவுக்கு வந்தன.

அந்தக் குற்றவுணர்ச்சி என்னை மறுகோடிக்குத் துரத்தியது. சென்ற முறை மலிவானதை வாங்கியதால் கெட்டது. ஆகவே இம்முறை விலை உயர்ந்ததை வாங்குவோம் என்று தீர்மானித்தேன். தமக்கையாரை அழைத்துக்கொண்டு, கிளமெண்டியில் ரயிலேறி, இடையில் மாறி, ரோச்சோரில் இறங்கி, லிட்டில் இந்தியாவுக்கு அருகிலுள்ள சிம் லிம் சதுக்கத்தின் மாடிகளில் ஏறி இறங்கினேன். 1,900 வெள்ளி விலையுள்ள, பளபளப்பான, பெருந்திரையுள்ள கணினி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். தமக்கையாரின் பேரன்மார் பார்த்தால் மெச்சுவார்கள், அண்டை வீட்டார் பார்த்தால் மதிப்பார்கள் என்றெல்லாம் என் மனம் கணக்கிட்டது. தவணை முறையில் செலுத்தலாம் என்று விற்பனையாளரும் கூறினார்.

தமக்கையார் அதனைத் தூக்கிப் பார்த்தார், திருப்பி வைத்தார். வெளியே வந்து ஒரு நாற்காலியில் அமர்ந்த பின் சொன்னார்: "தம்பி, மரம் சீவ உளி போதும். கோடரி எதற்கு? கோடரி பெரியதுதான், விலையும் அதிகந்தான். ஆனால் அதைக்கொண்டு சீவினால் மரமும் சாகும், என் கையும் போகும்."

நான், "விலையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அக்கா. நான் கொடுக்கிறேன்" என்றேன்.

அவர் தம் கைப்பையைத் திறந்து, துணியில் முடிந்திருந்த 1,500 ரிங்கிட்டைக் காட்டினார். நம் பணத்தில் அது ஏறக்குறைய 450 வெள்ளி. "அப்பா கதையை என் காசில்தான் எழுதுவேன். நீ காசு கொடுக்கவேண்டாம், கேள்வி கேள். போன தடவை நீ கேட்காமல் விட்டது அதுதான்" என்றார்.

ஆறாம் வகுப்பு படித்தவர் கூறிய இந்தச் சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. மலிவானதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியதும், விலையுயர்ந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கத் துணிந்ததும் ஒரே அறியாமையின் இரு முகங்கள் அல்லவா?

சிறிய, எளிய கணினி என்பது புதிய எண்ணமன்று. 2007ஆம் ஆண்டில் தைவான் நாட்டு ஆசுஸ் நிறுவனம் 'ஈ பிசி' என்னும் கையடக்கமான கணினியை வெளியிட்டது. அதன் திரை 7 அங்குலம். எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. முதலில் வந்ததில் சேமிப்பகம் வெறும் 4 ஜிகாபைட். அதனைப் பின்பற்றி வந்தவற்றை 'நெட்புக்' என்று உலகம் அழைத்தது. கடிதம் எழுதவும், செய்தி படிக்கவும், வலையில் உலவவும் மட்டும் வேண்டுவோர்க்கு இவை போதும் என்பது அதன் கருத்து. 2010இல் தொடுதிரைப் பலகைகள் பரவத் தொடங்கியதும், பெரிய மடிக்கணினிகளின் விலை இறங்கியதும் சேர்ந்து, 2013 வாக்கில் நெட்புக் என்ற பெயரையே சந்தையிலிருந்து அகற்றிவிட்டன. பெயர் போயிற்றே ஒழியத் தேவை போகவில்லை. இன்று 11 முதல் 14 அங்குலம் வரையுள்ள சிறு மடிக்கணினிகளும், 2011 முதல் வெளிவரும் குரோம்புக் வகைகளும் அந்த இடத்தை நிரப்புகின்றன.

ஆகவே, வீடு திரும்பிய அன்றிரவு ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டோம். தோட்டத்திலும் நகரத்திலும் உள்ள நம் சகோதர சகோதரிகளுக்கு உதவும் என்பதால் அவற்றை இங்கே தருகிறேன்.

முதற் கேள்வி: இடம் போதுமா? விண்டோஸ் 11 முறைமைக்கு நினைவகம் 4 ஜிகாபைட்டும், சேமிப்பகம் 64 ஜிகாபைட்டும் இருந்தாக வேண்டும் என்பது அதனைச் செய்தவர்களே விதித்த குறைந்த அளவு. குறைந்த அளவு என்பது மூச்சு விடும் அளவே தவிர, நடமாடும் அளவன்று. விண்டோஸ் வேண்டுவோர் 8 ஜிகாபைட் நினைவகமும் 128 ஜிகாபைட் சேமிப்பகமும் உள்ளதைப் பார்ப்பது நலம். குரோம்புக்கின் முறைமை இலேசானது. எளிய வேலைக்கு அதில் 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பகமும் ஈடுகொடுக்கும்.

இரண்டாவது: எத்தனை ஆண்டு திருத்தம் வரும்? விண்டோஸ் 10 முறைமைக்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றது. அதனால் பழைய கணினிகள் பல மலிவாக விற்பனைக்கு வருகின்றன. விண்டோஸ் 11ஐ ஏற்க இயலாதவை அவற்றுள் மிகுதி. லினக்ஸ் நிறுவத் தெரிந்தவர்க்கு அவை நல்ல சரக்கு. தெரியாதவர்க்கு வீண் செலவு. குரோம்புக்குகளில் 2021 முதல் வந்த வகைகளுக்குப் பத்தாண்டுத் திருத்தம் உண்டு. ஆனால் அந்தப் பத்தாண்டு நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதன்று. அந்த வகை முதன்முதல் வெளிவந்த காலத்திலிருந்து எண்ணப்படுவது. அலமாரியில் நெடுங்காலம் கிடந்த பொருளைப் புதியதென்று வாங்குவோர் பாதி ஆயுளை இழந்தே வாங்குகிறார்கள்.

மூன்றாவது: கைக்கும் கண்ணுக்கும் ஒத்ததா? கடையில் நின்றபடியே ஒரு பக்கம் தட்டிப் பார்க்கவேண்டும். விசைகள் நெருங்கியிருந்தால் முதியவர் விரல் இரண்டை ஒருங்கே அழுத்தும். திரை சிறிதாயினும் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். விசையைப் பெரிதாக்க முடியாது.

நான்காவது: தமிழ் எழுதுமா? இக்கேள்விக்கு இன்று அநேகமாக எல்லாக் கணினிகளும் ஆம் என்றே விடை தரும். அது தானாக வந்ததன்று. 1997ஆம் ஆண்டில் இதே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை முறை பிறந்தது. உயிர் எழுத்துகள் இடக்கையிலும், மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்த அம்முறை இன்று விண்டோஸிலும் குரோம்புக்கிலும் உள்ளடங்கியே வருகிறது, தனியே வாங்கவேண்டியதில்லை.

இந்த நான்கையும் கேட்டுக்கேட்டு, இறுதியில் எங்கள் வீட்டுக்கு அருகிலேயே 11.6 அங்குலத் திரையுள்ள ஒரு குரோம்புக்கைத் தமக்கையார் தேர்ந்தெடுத்தார். அதற்குத் திருத்தம் 2033 வரை உண்டு. விலை 379 வெள்ளி. அவருடைய பணத்தில் மீதியும் இருந்தது. அம்மீதியில், விரலி எனப்படும் சிறு சேமிப்புக் கருவி ஒன்றையும் வாங்கச் செய்தேன். எழுதியது எதுவாயினும் ஒரே இடத்தில் இருத்தலாகாது என்பதை முப்பத்தொரு பக்கம் விலை கொடுத்துக் கற்றோம். இப்போது வலையில் ஒரு பிரதி தானாகவே சேர்கிறது. விரலியில் ஒரு பிரதி வாரந்தோறும் ஏற்றப்படுகிறது.

விசைகளின்மேல் தமிழ் எழுத்துகளை வெட்டி ஒட்டினேன். பன்னிரண்டு நாளில் பார்க்காமல் தட்டப் பழகிவிட்டார். கிளமெண்டிக்கு வரும் நாட்களில், 2011இல் கிளமெண்டி மாலில் திறக்கப்பட்ட பொது நூலகத்துக்கு அதனைத் துணிப்பையில் போட்டுத் தாமே எடுத்துச் செல்கிறார். நான் சுமக்க வந்தால் விடுவதில்லை. சுற்றிலும் கல்லூரி மாணவர் பெரிய பெரிய கணினிகளோடு அமர்ந்திருக்க, அவர்கள் நடுவில் இவர் ஒரு சிறு கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறார். அதைப் பார்த்து எவரும் இகழவும் இல்லை, வியக்கவும் இல்லை. நான் அஞ்சிய அந்தப் பிறர் கண், உண்மையில் என் மண்டைக்குள் மட்டுமே இருந்தது.

"நாளைக்கு ஒரு நிரை" என்பது அவர் வைத்துக்கொண்ட கணக்கு. தோட்டத்தில் மரவரிசையை நிரை என்போம். இப்போது அவருக்குப் பக்கம்தான் நிரை. இதுவரை நாற்பத்துமூன்று நிரை முடிந்திருக்கிறது. பேரனோடு முகம் பார்த்துப் பேசுவதும், காலையில் செய்தி படிப்பதும் அதே கணினியில்தான்.

தோழர்களே, நம் வீடுகளில் இத்தகைய முதியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்களுக்குப் பட்டுப்புடவை எடுத்துக் கொடுக்கிறோம். எழுதும் கருவியை எடுத்துக் கொடுப்பதில்லை. கொடுத்தாலும், நாம் உபயோகித்து ஒதுக்கிய குப்பையைக் கொடுக்கிறோம். அல்லது நம் பெருமைக்காக அவர்கள் கைக்கு அடங்காததைக் கொடுக்கிறோம். இரண்டும் அவர்களை மதிப்பதாகா. அவர்களுக்கு என்ன வேலை ஆகவேண்டும் என்று முதலில் அவர்களையே கேளுங்கள். பின்னர்க் கடைக்காரரிடம் அந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். கடன் வாங்காதீர்கள். காலந்தாழ்த்தவும் செய்யாதீர்கள்.

தாழ்த்தினால் என்ன நேரும் என்பதை நான் நாள்தோறும் பார்த்து வருகிறேன். தமக்கையாரின் மூன்றாம் பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒன்று முதல் பத்து வரை பெயர்கள் வரிசையாக உள்ளன. பதினொன்று என்ற எண்ணுக்கு எதிரே வெற்றிடம். அதனை அழித்துவிடலாமா என்று ஒருநாள் கேட்டேன்.

"இருக்கட்டும், தம்பி. ஆள் போனது உண்மை, பெயர்தானே வரவில்லை" என்றார்.