சுன்னாகத்துப் பட்டறையில் ஒரு காற்றுத் தாங்கி

சுன்னாகம் என்றவுடன் இலக்கிய அபிமானிகளுக்கு அ. குமாரசாமிப் புலவரும், 1930ஆம் ஆண்டிலே நா. பொன்னையா அவர்கள் தொடக்கி இவ்வூரிலிருந்து வெளியிட்ட ‘ஈழகேசரி’யும், இல்லறத்தாருக்குச் சந்தையில் வந்திறங்கும் வாழைக்குலைகளும் நினைவில் எழுதல் இயல்பே, ஆயினும் காங்கேசன்துறை வீதியிலிருந்து கிளைத்துச் செல்லும் ஒழுங்கைகளிலே, தகரக் கூரையின் கீழ், கடைசல் யந்திரமும் வெல்டிங் பொறியுமாகச் சீவனம் நடத்துகின்ற இரும்பு வேலைக்காரரைப் பற்றி எவரும் விஸ்தாரமாக எழுதியதை நான் கண்டதில்லை. அக்குறையைத் தீர்க்கும் உத்தேசத்துடன் நான் அங்கே போகவில்லை. உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றபின் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு சிறு தச்சுப் பட்டறை வைத்துக்கொண்ட எனக்கு, மரத்தூளை ஊதவும் கதிரை மேசைகளுக்குப் பொலிஷ் விசிறவும் ஒரு கொம்பிறசர் தேவைப்பட்டது. புதியதின் விலை என் ஓய்வூதியத்துக்கு எட்டாதிருந்தமையால், பாவித்த ஒன்றை வாங்கிச் சீர்செய்விக்கலாம் என்று சென்றேன்.

நான் சென்ற பட்டறையின் எசமானர், இளமையிலே காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பழகி, 1990இல் யுத்தத்தினால் அது மூடப்பட்டபின் கைத்தொழிலையே நம்பி வாழ்ந்து வருபவர். நான் அவரை அண்ணை என்றும், அவர் என்னை மாஸ்டர் என்றும் அழைத்துக்கொண்டோம். முற்றத்தில் இரண்டு கொம்பிறசர்கள் நின்றன: ஒன்று புதிதாக நீல வர்ணம் பூசப்பெற்று மினுங்கியது, மற்றது, கோயம்புத்தூர்ச் சிங்காநல்லூரில் 1960இல் தொடங்கப்பெற்ற எல்ஜி நிறுவனத்தின் பெயர்த்தகடு தாங்கி, நிறம் மங்கி, பெல்ட் அறுந்து, ஒரு மூலையிற் கிடந்தது. என் கண் எதிலே சென்றது என்பதை அவர் கவனித்திருக்க வேண்டும்.

“நீங்கள் வேண்டப் போறது தாங்கியைத்தான் மாஸ்டர். மற்றதெல்லாம் நான் செய்து தருவன்,” என்றார்.

அவ்வாக்கியத்தின் பொருளை அவர் பிரத்தியட்சமாகவே காட்டினார். நீல யந்திரத்தின் வயிற்றடியிலுள்ள வடிகுழாயைத் திறக்க, செங்கற்பொடி கரைத்தாற்போன்ற நீரும், அதனோடு துருச் செதில்களும் விழுந்தன. பிறகு சிறு சுத்தியலினால் தாங்கியை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டு வந்தார். மேற்புறத்தில் கணீரென்று ஒலித்த இரும்பு, அடிவயிற்றை அடைந்ததும் செத்த ஓசை தந்தது. வெளியே வர்ணம் எவ்வளவு நேர்த்தியாயிருந்தாலும், உள்ளே தகடு அரைவாசி தின்னப்பட்டுவிட்டது என்பது அவ்வோசைக்கு அர்த்தம்.

இத்துரு எங்கிருந்து வருகிறது? காற்றோடு கூடவே வருகிறது. 100 லீற்றர் கொள்ளும் தாங்கியிலே, வளியமுக்கத்துக்கு மேல் 8 மடங்கு அமுக்கம் ஏற்றினால், வெளியிலிருந்த காற்று 900 லீற்றர் அதனுள்ளே அடைபட்டிருக்கும். 30 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் உள்ள நமது காற்றில் அந்த 900 லீற்றருக்கும் சுமார் 22 கிராம் நீராவி உண்டு. அமுங்கி ஆறிய 100 லீற்றரோ 3 கிராமளவையே தாங்கவல்லது. எஞ்சிய நீர் முழுவதும், ஒவ்வொரு முறை தாங்கி நிரம்பும்போதும், அடியிலே தேங்குகின்றது. வடிகுழாயைத் திறக்கச் சோம்புகிறவனுடைய கொம்பிறசர் வெளியே உழைத்துக்கொண்டே உள்ளே கரைந்துகொண்டிருக்கும்.

“மேலாலை ஒரு தகடு வைச்சு ஒட்டினால் என்ன அண்ணை?” என்று கேட்டேன்.

“ஏலாதெண்டில்லை. செய்யமாட்டன்.”

இந்தப் பதிலை என்னால் எளிதிற் கடந்து செல்ல இயலவில்லை. ஏனெனில், திருத்த முடியாதது என்று ஒன்றையும் விட்டுவைக்காத ஒரு தலைமுறையைச் சேர்ந்தவர் இவர். 1990இன் பின், பொருளாதாரத் தடையினால் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வராதொழிந்து, மின்சாரமும் ஆண்டுக்கணக்காக அற்றுப்போன யாழ்ப்பாணத்திலே, சில துளி பெற்றோலைக் காட்டி உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட மோட்டார் சைக்கிள்களும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றிக் கேட்ட வானொலியும், ஐம்பதுகளில் வந்திறங்கிய ஒஸ்டின், மொறிஸ் கார்களின் தீராத ஓட்டமும் இத்தகைய கைகளின் சாமர்த்தியத்தினால் நிலைத்தவை. அக்காலத்தில் இறைப்பு மெசினின் எஞ்சினைப் பெல்ட்டினால் இணைத்துத் தாமே கொம்பிறசரை ஓட்டி, ரியூப்புகளுக்குக் காற்றடித்துக் கொடுத்ததாக அவர் சொன்னார். இல்லாமையினால் பிறந்த அச்சாதுரியத்தைப் புகழ்ந்து பேசுவது நம்மவர்க்கு ஒரு வழக்கமாகிவிட்டது. எதைத் திருத்தலாகாது என்று அறிந்து கையை மடக்கிக்கொள்வதே அதனினும் அரிய வித்தை என்பது என் அபிப்பிராயம். ஒட்டுப்போட்டு விற்றிருந்தால் வரக்கூடிய பணத்தை, வாங்க வந்தவன் கேட்டும் வேண்டாமென்றவரை அன்று கண்டேன்.

அவர் கூறிய காரணமும் உறுதியானது. மெலிந்த தகட்டிலே வெல்டிங் சூடு பட்டால், ஒட்டிய இடம் நிற்க, அதன் ஓரம் பலவீனப்படும். அடைபட்ட காற்றோ, நீரைப் போலன்றி, விரியும் சக்தியைத் தன்னகத்தே சேமித்து வைத்திருப்பது. ஆதலின் தாங்கி கிழியுமாயின் அது கசிவாக முடியாமல் வெடிப்பாக முடியும். இலங்கையின் 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் காற்றுத் தாங்கிகளைத் தனியே குறித்து விதி செய்ததும் இவ்வபாயம் கருதியே. வீட்டுத் தாழ்வாரங்களுக்கு எந்தப் பரிசோதகரும் வருவதில்லை.

எல்ஜியின் தாங்கி அடியிலும் கணீரென்றது. அதனோடு அவர் திருப்தியடையவில்லை. துவாரங்களையெல்லாம் அடைத்து, காற்று ஒரு குமிழிதானும் எஞ்சாதவாறு நீர் நிரப்பி, கைப்பம்பினால் அமுக்கம் ஏற்றினார். தகட்டிற் பொறித்த வேலையமுக்கத்தின் ஒன்றரை மடங்கு வரை மானி ஏறி, முள் அசையாது நின்றது. நீர் ஏறக்குறைய அமுங்காத வஸ்துவாதலின், தாங்கி பிளந்தாலும் சிறிது நீர் பீறுவதோடு தீரும். எனவேதான் இப்பரீட்சையைக் காற்றினாற் செய்வதில்லை.

மற்றவை விரைவில் முடிந்தன. வால்வுத் தகடுகளில் கரி படிந்திருந்தது. முந்திய சொந்தக்காரர் வாகன எஞ்சின் ஒயிலை ஊற்றியிருக்கலாம் என்றார். பிஸ்டன் றிங்குகள் மாற்றப்பட்டன. காஸ்கெற்றைத் தாளில் அச்செடுத்துக் கையாலேயே வெட்டினார். நிமிடத்துக்கு 1,440 சுற்றுச் சுற்றும் மோட்டாருக்கு அரைப்பங்குக் கப்பி இட்டு, பம்பை 720 சுற்றில் ஓடவிட்டார். ஒரு நுட்பத்தை மட்டும் சொல்லவேண்டும்: பெரிய சில்லின் ஆரக்கால்களே விசிறியாய் அமைந்து சிலிண்டரைக் குளிர்விப்பன, மோட்டாரை மாறிச் சுற்ற இணைத்தாலும் கொம்பிறசர் காற்றடிக்கும், ஆனால் வெந்துபோகும். அம்புக்குறியைப் பார்த்தே வயர் பூட்டினார்.

விலையை இங்கே எழுதுவது வீண். இக்கட்டுரை அச்சேறுமுன் ரூபாவின் பெறுமதி மாறிவிடும். நீலத் தாங்கியை என் முன்னிலையிலேயே காஸினால் நெடுக்கே பிளந்தார். மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாகும், இனி ஒருவரும் அதிற் காற்றடைக்க மாட்டார் என்றார்.

புறப்படும்போது, கழுவிய ஒயிலும் வடித்த நீரும் ஒரு மூடிய கலனிலே சேர்க்கப்பட்டிருக்கக் கண்டேன். நிலத்திலே சிந்த அவர் பையன்களை விடுவதில்லை. சுன்னாகத்து மண்ணின் கீழிருப்பது சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது கிணற்றுக்கு வந்து சேரும். மின்நிலையச் சூழலிலிருந்து கழிவெண்ணெய் கலந்து இவ்வூர்க் கிணறுகள் பாழான வழக்கிலே, 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கப் பணித்ததை ஊரார் மறக்கவில்லை. கொம்பிறசர் வைத்திருக்கும் அன்பர்களே, வேலை முடிந்ததும் நாடோறும் வடிகுழாயைத் திறவுங்கள். வடியும் நீரில் ஒயிலும் கலந்திருக்கும், ஆகையால் அதை ஒரு பாத்திரத்தில் ஏந்துங்கள்.