சாயங்காலம் வீடு திரும்பும் வண்டி

பாளையங்கோட்டையில் இருக்கும் என் பட்டறைக்கு மாதம் நாலைந்து பேராவது வண்டி இல்லாமல் வருவார்கள். ஃபோனில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணாச்சி, இதை எடுக்கலாமா?" என்பார்கள். படத்தில் வண்டி பளபளவென்று நிற்கும். விலையும் ஆசை காட்டும். நான் படத்தை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு மூன்று கேள்வி கேட்பேன். தினமும் எங்கே போகப்போகிறீர்கள்? எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்? ஒருநாள் வண்டி இல்லாமல் போனால் என்ன நஷ்டம்?

இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பழைய கார் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ரிப்பேரே வராத வண்டியைத் தேடுகிறார்கள். பதினைந்து வருடம் ஓடிய இரும்பில் அப்படி ஒன்று கிடையாது. ரப்பர் காயும், பேரிங் தேயும், பெல்ட்டில் விரிசல் விழும். தினசரி ஓட்டத்துக்கு வண்டி தேடுகிறவர் கேட்க வேண்டியது இதைத்தான்: காலையில் பட்டறையில் விட்டால் சாயங்காலம் திரும்பக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அந்த வண்டியை நம்பி வேலைக்குப் போகலாம்.

நாங்குநேரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் சில வருடங்களுக்கு முன் வந்தார். பஸ் நேரம் ஒத்துவரவில்லை, பழைய கார் ஒன்று வேண்டும் என்றார். மனதில் ஒரு பெரிய செடான் இருந்தது. அப்போது பதினோரு வயதான வண்டி, விலையோ புது பைக்கை விடக் கொஞ்சம்தான் கூட. "ஒருநாள் லீவு போட்டுக்கலாம் அண்ணாச்சி. ரெண்டு நாள் போகலேன்னா பிள்ளைங்களுக்குப் பாடம் நின்னுரும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் வண்டி முடிவாகிவிட்டது. "டீச்சர், அந்தப் பெரிய வண்டி நல்ல வண்டிதான். ஆனா அதுக்கு ஒரு சென்சார் போச்சுன்னா சென்னையிலிருந்து வரணும். நீங்க வேகன் ஆர் பாருங்க" என்றேன். அவருக்கு முகம் வாடிப்போனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், கை பழகிய வண்டிகள் இவைதான். மாருதி 800 இங்கே 1983 டிசம்பரில் வந்தது. உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். முப்பது வருடம். அதன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிக் கற்காத மெக்கானிக் எங்கள் தலைமுறையில் அபூர்வம். அதே வழியில் வந்த எஞ்சின்தான் ஆல்ட்டோவிலும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோவும் அப்படித்தான், நோயும் தெரியும், மருந்தும் பக்கத்துக் கடையில் இருக்கும். இந்த வண்டிகளைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. ஆனால் வள்ளியூரிலோ கயத்தாறிலோ நின்றுபோனால், அங்கே இருக்கிற பையன் தள்ளிக்கொண்டு போய் ஒரு மணி நேரத்தில் கிளப்பிவிடுவான்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று சொல்கிறேன். 2003இல் வந்த ஹோண்டா சிட்டியின் ஐ-டிஎஸ்ஐ எஞ்சின் நான்கு சிலிண்டர்தான். ஸ்பார்க் பிளக் எட்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. மைலேஜும் நன்றாகக் கொடுக்கும், அடக்கமாக ஓடும், எனக்கு மிகவும் பிடித்த எஞ்சின். அந்த வண்டி ஒன்று இழுவை குறைந்து என்னிடம் வந்தபோது முன்பக்கம் நான்கு பிளக் புத்தம்புதிதாக இருந்தன. பின்பக்க நான்கும் எத்தனையோ வருடமாக யார் கையும் படாமல் கருகிக் கிடந்தன. மாற்றிய ஆளுக்குப் பின்பக்கம் பிளக் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. ஆகவே வண்டியை மட்டும் பார்க்காதீர்கள். அந்த எஞ்சினைத் தெரிந்த கை உங்கள் ஊரில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியில் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அந்த வண்டிகள் இப்போது சல்லிசாகக் கிடைக்கின்றன. உடம்பு கெட்டியான வண்டிகள், ஓட்டுவதற்குச் சுகமானவை. வீட்டில் இன்னொரு கார் இருந்து, பொறுமையும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆயில் ஃபில்டரும் பிரேக் பேடும் எங்கும் கிடைக்கும். விளக்குக் கூடு உடைந்தாலோ கன்ட்ரோல் யூனிட் போனாலோ சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகம் தேடி, கிடைத்ததைப் பார்சலில் வரவழைக்க வேண்டும். இருப்பது ஒரே வண்டி, அதில்தான் தினமும் வேலைக்குப் போக வேண்டும் என்றால் அந்தக் காத்திருப்பு கட்டுப்படியாகாது.

வண்டி பார்க்கப் போகும் நாளைக்கு வருவோம். காலையில் போங்கள். விற்கிறவரிடம் முந்தின நாளே, "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை பானெட்டில் கை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த எஞ்சின் பொய் சொல்லாது. சாவியைத் திருப்பியதும் முதல் பத்து நொடியில் வரும் சத்தமும், சைலன்சரில் வரும் முதல் புகையும்தான் அதன் வயதைச் சொல்லும். நீலம் கலந்து வந்து பிறகு அடங்கினால் வால்வு சீல் காய்ந்திருக்கிறது, அது சமாளிக்கக்கூடியது. ஓட்டும்போதெல்லாம் நீலமாக வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. வெள்ளையாக வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்.

அடுத்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதைத் துவாரத்தின் மேல் தலைகீழாக வைப்பது. நாங்கள் பேக் கம்ப்ரஷன் என்போமே, அது இருந்தால் மூடி துள்ளும், குபுகுபுவென்று புகை வரும். லேசாக நடுங்கினால் வயதுக்குத் தகுந்ததுதான். மூடி குதித்து விழுந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

டெம்பரேச்சர் முள்ளையும் கவனியுங்கள். எஞ்சின் கிளப்பி வெகுநேரம் ஆகியும் முள் மேலே வரவில்லை என்றால், "பாருங்க, எவ்ளோ கூலா இருக்கு" என்று விற்கிறவர் சொல்வார். அது நல்ல அறிகுறி இல்லை. பெரும்பாலும் எப்போதோ எஞ்சின் கொதித்திருக்கும்; யாரோ தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு அனுப்பியிருப்பார்கள். எங்கள் தொழிலில் இது பழைய கெட்ட பழக்கம். பிறகு ஏ.சி.யைப் போட்டு, நின்ற இடத்திலேயே இருபது நிமிடம் ஓடவிடுங்கள். சித்திரை வெயிலில் எங்கள் ஊர் வண்ணாரப்பேட்டை சிக்னலில் நிற்கப்போகும் வண்டி, இருபது நிமிடம் தாங்கவில்லை என்றால் உங்களுக்கு ஆகாது. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக வட்டம் போட்டால் டக் டக் என்று அடிப்பது ஆக்சில் ஜாயின்ட். சரிசெய்யக்கூடியதுதான், விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினுக்கு மருந்து உண்டு. துருவுக்குக் கிடையாது. எங்கள் பக்கம் இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் உப்புக்காற்றில் பத்து வருடம் நின்ற வண்டியும், தென்காசியில் நின்ற வண்டியும் ஒரே வருட மாடலாக இருந்தாலும் ஒரே வண்டி ஆகாது. மீன் பெட்டி ஏற்றிய வண்டி இன்னும் மோசம். உப்புத்தண்ணீர் தரைத்தகட்டுக்குள் இறங்கியிருக்கும். கதவுக்குக் கீழே ஓடும் தகடு, ஜாக்கி வைக்கும் இடம், ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம், முன்பக்க ஷாக் அப்சார்பர் மேலே பூட்டியிருக்கும் இடம், இந்த நாலையும் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பார்ப்பேன். நல்ல தகடு 'டங்' என்று சொல்லும். உள்ளே பட்டி வைத்து மூடியிருந்தால் 'பொத்'தென்று கேட்கும். ஒரு சின்னக் காந்தம் சட்டைப்பையில் இருந்தால் போதும், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் ஒட்டாது. கதவிலோ ஃபெண்டரிலோ பட்டி இருந்தால் எங்கோ உரசியிருக்கிறது என்று விட்டுவிடலாம். ஷாக் அப்சார்பர் மேடையில் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் நான் ஒருமுறை ஏமாந்தேன். 2016இல் என் சித்தி மகன் சென்னையில் ஒரு செடான் பார்த்தான். வயது ஆறுதான், எஞ்சின் அருமை, விலை முப்பதாயிரம் குறைவு. நானே போய்ப் பார்த்து, எடு என்றேன். நாலு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு ஒருநாள் கண்ணாடி இறங்கவில்லை. அடுத்த வாரம் மீட்டர் செத்தது. அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணையத் தொடங்கியது. கடைசியில் தரைவிரிப்பைக் கிழித்துப் பார்த்தபோது அடியில் காய்ந்த சேறு, வயரிங் கனெக்டர்கள் எல்லாம் பச்சை பிடித்திருந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. அந்த வருடம் அவன் அந்த வண்டியை ஓட்டியதைவிடப் பட்டறைகளில் விட்டதுதான் அதிகம். தண்ணீர் புகுந்த மின்கம்பிக்குச் சாயங்காலம் திரும்புவது என்பதே கிடையாது. இன்று ஒரு இடம், நாளை வேறொரு இடம். அன்று நான் சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பார்த்திருந்தால் போதும், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தது. அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு சீட் பெல்ட்டை இழுக்காமல் நான் எந்த வண்டிக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

கிலோமீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். டிஜிட்டல் மீட்டரை லேப்டாப் வைத்து மாற்ற அதிக நேரம் ஆகாது. பிரேக் பெடல் ரப்பரும், டிரைவர் சீட்டின் ஓரமும், ஸ்டீயரிங்கின் வழவழப்பும் சொல்வதை நம்புங்கள். கதவைத் திறந்தால் பக்கவாட்டில் ஆயில் மாற்றிய கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர் சில சமயம் இருக்கும். மீட்டரைக் குறைத்தவர்கள் அதைக் கிழிக்க மறந்துவிடுவார்கள். டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் டயருக்குத் தனியாகப் பணம் வையுங்கள்.

டீசலா பெட்ரோலா என்று கேட்டால், தினம் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குப் பழைய டீசல் வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. எரிபொருளில் மிச்சம் பிடித்ததை இன்ஜெக்டரும் டர்போவும் ஒரே தடவையில் வாங்கிக்கொண்டு போய்விடும்.

கையில் இரண்டு லட்சம் இருந்தால் ஒன்று அறுபதுக்கு வண்டி பாருங்கள். மிச்சம் நாற்பது முதல் மூன்று மாதத்துக்கு. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், மாற்றியதற்கு பில் இல்லாதவரை மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சான்ட்ரோ, பழைய வேகன் ஆர், ஆல்ட்டோ 800 எல்லாம் பெல்ட். 2010இல் வேகன் ஆருக்கு வந்த கே10 எஞ்சின் செயின். டீச்சருக்கு நான் கே10 வேகன் ஆர் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு ரேடியேட்டர் ஹோஸ், பேட்டரி, பிரேக் ஆயில். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக அந்தக் கால வண்டிகள் செய்யப்படவில்லை, அதனால் பெட்ரோல் ஹோஸ்களையும் நான் பார்த்தே அனுப்புகிறேன். இந்தப் பணத்தைச் செலவழித்த பிறகுதான் அது உங்கள் வண்டி.

காகிதத்தில் ஒன்றிரண்டு. பதினைந்து வருடம் முடியும் வண்டிக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, பசுமை வரி தனி. பதினாலு வயது வண்டி மலிவாக இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். கடன் போட்டு வாங்கிய வண்டி என்றால் ஆர்.சி.யில் ஹெச்.பி. என்ற கடன் பதிவு நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து பீரோவில் வைத்துவிடாதீர்கள். உடனே பெயரை மாற்றுங்கள். ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களை நம்பி விற்ற மனிதரைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இது எங்கள் ஆட்களைப் பற்றியது. வண்டி பார்க்க மெக்கானிக்கைக் கூட்டிப்போகிறீர்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "தேங்க்ஸ் அண்ணாச்சி" என்று அனுப்பிவிடுகிறீர்கள். வண்டி முடிந்தால் புரோக்கர் அவர் கையில் ஏதாவது வைப்பார்; முடியாவிட்டால் அரைநாள் பட்டறையை மூடியதுதான் மிச்சம். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு என்ன தெம்பு இருக்கும்? கிளம்பும் முன்னே கூலியைப் பேசுங்கள், பார்த்து முடித்ததும் கொடுங்கள். மூன்று வண்டி பார்த்து மூன்றையும் வேண்டாம் என்று சொன்னாலும் மூன்றுக்கும் கொடுங்கள்.